திறன் கண்ணாடியும் செயற்கை நுண்ணறிவும்: செய்யாற்று வெயிலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மின்னழுத்தத்தால் நிறம் மாறும் திறன் கண்ணாடி, உணரிகள், செயற்கை நுண்ணறிவு ஆகிய மூன்றும் இணைந்து இக்காலக் கட்டடங்களின் சாளரத்தைக் கட்டுப்பாட்டிற்குரிய கருவியாக மாற்றியுள்ளன. இத்தொழில்நுட்பம் பெரும்பாலும் குளிர்நாடுகளின் தேவையை ஒட்டி வளர்ந்தது. சூரியன் ஆண்டில் இருமுறை உச்சிக்கு வரும் தமிழ்நாட்டில் அதன் பயன் எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதைத் திருவண்ணாமலை மாவட்டம் செய்யாற்றின் அகலாங்கைக் கொண்டு இக்கட்டுரை கணக்கிட்டு விளக்குகிறது. வடக்கு, தெற்குச் சாளரங்களுக்கு நிலையான நிழலமைப்பு பெரும்பாலும் போதும் என்பதும், கிழக்கு, மேற்குச் சாளரங்களே திறன் கண்ணாடிக்கு உரிய இடம் என்பதும், அங்கும் நிறத்தூய்மை, கண்ணாடியின் ஆயுள், பணியாளரின் உரிமை ஆகியவற்றைக் கருதியே கட்டுப்பாட்டு முறை அமைய வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச் சொற்கள்: திறன் கண்ணாடி, மின்னிறமாற்றம், உணரி, செயற்கை நுண்ணறிவு, பொருள்களின் இணையம், சூரிய வெப்ப ஏற்புக் குணகம், செய்யாறு, பட்டு நெசவு.

முன்னுரை

ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் கைத்தறி நெசவாளரின் இல்லமே அவர்தம் தொழிற்கூடமாகவும் இருந்து வருகிறது. குழித்தறியில் அமர்ந்து பட்டிழையையும் சரிகையையும் பிரித்தறிய வெளிச்சம் மிகுதியாக வேண்டும். ஆனால் வெளிச்சத்தோடு வெப்பமும் உள்ளே வரும். இவ்விரண்டையும் பிரிப்பதற்கு மரபு வீடுகள் கண்ட வழிகள் பல. தாழ்வாரம் சுவரை நிழலில் வைத்தது. திண்ணை தெருவெயிலை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. ஓட்டுக்கூரையின் இடையே பதித்த ஓரிரு கண்ணாடி ஓடுகள் தேவையான இடத்தில் மட்டும் ஒளியை இறக்கின.

இன்று அவ்வட்டாரத்தின் கட்டட வகைகள் மாறியுள்ளன. செய்யாற்றில் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. காலணித் தொழிற்சாலைகள் உள்ளிட்ட பெரிய வளாகங்கள் அங்கு எழுந்துள்ளன. அதே வடதமிழகத் தொழில் மண்டலத்தில், திருப்பெரும்புதூரில், செயின்ட் கோபேன் நிறுவனத்தின் மிதவைக் கண்ணாடித் தொழிற்சாலை 2000ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. கண்ணாடி முகப்பு என்பது பெருநகரங்களைக் கடந்து சிறு நகரங்களின் வணிக வளாகங்கள், மருத்துவமனைகள், கல்லூரிகள் வரை பரவிவிட்டது. கண்ணாடி முகப்பால் உட்புகும் வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டியும், குளிரூட்டியை இயக்க மின்சாரமும் தேவைப்படுகின்றன. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டை எட்டியது. கோடைகாலத் தேவையில் குளிரூட்டிகளுக்கு முதன்மையான பங்கு உண்டு.

இச்சூழலில், ‘வெயிலைக் கண்டு தானே கருக்கும் கண்ணாடி’ என்னும் கருத்து இயல்பாகவே ஈர்ப்புடையதாகிறது. ஆயினும் ஒரு தொழில்நுட்பத்தின் பயன் அது செயற்படும் இடத்தின் வெயிலைப் பொறுத்தது. ஆகவே அத்தொழில்நுட்பம் இயங்கும் முறையை முதலில் விளக்கிப் பின்னர் அதனைச் செய்யாற்றின் வெயிலில் வைத்து ஆராய்வது பொருத்தமாகும்.

1. திறன் கண்ணாடியின் வகைகள்

வெளித்தூண்டலுக்கு ஏற்பத் தன் ஒளி ஊடுருவலை மாற்றிக்கொள்ளும் கண்ணாடியே திறன் கண்ணாடி எனப்படுகிறது. தூண்டலின் தன்மையைக் கொண்டு அதனை நான்கு முதன்மை வகைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வெப்பநிறமாற்றக் கண்ணாடி. வனேடியம் டைஆக்சைடு ஏறத்தாழ 68 பாகை செல்சியசில் குறைகடத்தி நிலையிலிருந்து உலோக நிலைக்கு மாறி அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்கத் தொடங்குகிறது. இம்மாற்றத்தை 1959இல் மோரின் என்பவர் அறிவித்தார். டங்ஸ்டனைச் சிறிதளவு கலந்து மாறுவெப்பநிலையைக் குறைக்க முடியும். இவ்வகைக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் மனிதர் விரும்பும்போது அதனை மாற்ற இயலாது.

இரண்டாவது, பலபடியில் சிதறிய நீர்மப் படிகக் கண்ணாடி. மின்சாரம் இல்லாதபோது பால்போல் வெண்மையாகவும், மின்சாரம் பாயும்போது தெளிவாகவும் தோன்றும். கண நேரத்தில் மாறும். இது ஒளியைச் சிதறடிக்கிறதே அன்றிப் பெரும்பகுதி வெப்பத்தைத் தடுப்பதில்லை. எனவே கூட்ட அறை, மருத்துவமனை அறை போன்றவற்றில் மறைப்புக்கே இது உரியது. விற்பனையில் இதுவும் ‘ஸ்மார்ட் கண்ணாடி’ என்றே அழைக்கப்படுவதால், வெப்பத்தைக் குறைக்கும் நோக்கில் இதனை வாங்குவோர் ஏமாற்றம் அடைய வாய்ப்புண்டு.

மூன்றாவது, மிதவைத்துகள் கண்ணாடி. நுண்துகள்கள் மின்புலத்தில் வரிசைப்படும்போது தெளிவடைந்து, மின்புலம் நீங்கும்போது கருக்கும் இயல்புடையது இது.

நான்காவது, எலக்ட்ரோகுரோமிக் எனப்படும் மின்னிறமாற்றக் கண்ணாடி. கட்டட முகப்புகளில் வெப்பக் கட்டுப்பாட்டுக்குப் பெரிதும் பயன்படுவது இதுவே. எனவே இனிவரும் பகுதிகள் இதனையே குறிக்கின்றன.

2. மின்னிறமாற்றம் நிகழும் முறை

டங்ஸ்டன் ஆக்சைடின் மெல்லிய படலம் மின்புலத்தால் நீலநிறம் பெறுவதை அமெரிக்காவில் பணியாற்றிய சத்யேன் தேப் 1969இல் வெளியிட்ட ஆய்வுரை எடுத்துக்காட்டியது. இத்துறையின் தொடக்கப்புள்ளியாக அது கருதப்படுகிறது. 1980களில் சுவீடன் நாட்டு இயற்பியலாளர் கிளாஸ் கிரான்குவிஸ்ட் முதலியோர் ‘திறன் சாளரம்’ என்னும் கருத்தைப் பரவலாக்கினர். 2011இல் பணிக்கு வந்த போயிங் 787 வானூர்தியின் சாளரங்கள் பயணிகளுக்கு இதனை அறிமுகம் செய்தன. இந்தியாவில் பெங்களூருவிலுள்ள நானோ, மென்பருப்பொருள் அறிவியல் மையம் குறைந்த செலவில் ஒளிபுகு மின்முனைகளையும் அவற்றைக் கொண்ட திறன் சாளரங்களையும் உருவாக்கும் ஆய்வில் ஈடுபட்டுள்ளது.

மின்னிறமாற்றக் கண்ணாடியை, ஊடாகப் பார்க்கக்கூடிய மின்கலம் எனலாம். கண்ணாடியின்மேல் ஐந்து மெல்லிய படலங்கள் அடுக்கப்படுகின்றன. வெளிப்புறப் படலங்கள் இரண்டும் மின்சாரத்தைக் கடத்தும் ஒளிபுகு மின்முனைகள். அவற்றின் இடையே டங்ஸ்டன் ஆக்சைடு, அயனிகளைக் கடத்தும் மின்பகுபொருள், அயனிகளைச் சேமிக்கும் எதிர்ப்படலம் ஆகிய மூன்றும் அமைகின்றன. எதிர்ப்படலம் பெரும்பாலும் நிக்கல் ஆக்சைடை அடிப்படையாகக் கொண்டது. சில வோல்ட் நேர்மின்னழுத்தம் தரப்படும்போது லித்தியம் அயனிகள் எதிர்ப்படலத்திலிருந்து டங்ஸ்டன் ஆக்சைடுக்குள் நுழைகின்றன. வெளிச்சுற்று வழியாக எலக்ட்ரான்களும் அங்குச் சேர்கின்றன. படலம் கருநீலமாகிறது. மின்னழுத்தத்தைத் திருப்பினால் அயனிகள் வந்தவழியே திரும்பப் படலம் தெளிவடைகிறது.

இவ்வியக்கத்திலிருந்து மூன்று இயல்புகள் தோன்றுகின்றன. அயனிகள் திண்மப் படலத்தினூடே நகர வேண்டியிருப்பதால் பெரிய சாளரம் முழுமையாகக் கருக்கப் பல நிமிடங்கள் ஆகின்றன. நிறம் மாறும்போது மட்டுமே குறிப்பிடத்தக்க மின்சாரம் செலவாகிறது. தடுக்கப்படும் கதிர்வீச்சின் பெரும்பகுதி கண்ணாடியிலேயே உறிஞ்சப்படுவதால் கருத்த கண்ணாடி சூடாகிறது. எனவே மின்னிறமாற்றப் படலம் இரட்டைக் கண்ணாடி அமைப்பின் வெளிப்பலகையில் இடம்பெற வேண்டும். சூடான பலகைக்கும் அறைக்கும் இடையே வளிம இடைவெளி தடுப்பாக நிற்கும்.

சந்தையில் கிடைக்கும் இவ்வகைக் கண்ணாடி ஒன்றின் பண்புகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தெளிந்த நிலையில் கட்புல ஒளியில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஊடுருவும். சூரிய வெப்ப ஏற்புக் குணகம் 0.41 ஆகும். முழுதும் கருத்த நிலையில் ஊடுருவும் ஒளி 1 விழுக்காடு, குணகம் 0.09 ஆகும். சூரிய வெப்ப ஏற்புக் குணகம் என்பது கண்ணாடியின்மேல் விழும் சூரிய ஆற்றலில் எவ்வளவு பங்கு அறைக்குள் வெப்பமாகச் சேர்கிறது என்பதைக் காட்டும் எண்ணாகும்.

3. செய்யாற்றின் வெயில்

செய்யாறு ஏறத்தாழ 12.66 பாகை வடக்கு அகலாங்கில் அமைந்துள்ளது. இவ்வகலாங்கில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 19ஐ ஒட்டியும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழுகிறது. ஜூன் 21 அன்று நண்பகற் சூரியனின் ஏற்றக்கோணம் வடதிசையில் 79 பாகை. டிசம்பர் 21 அன்று தென்திசையில் 54 பாகை. வடக்குச் சாளரத்தில் நேர்வெயில் விழாது என்னும் மேலைநாட்டுப் பாடநூற் கூற்று இங்குப் பொருந்தாது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

இனி, 1.2 மீட்டர் உயரமுள்ள ஒரு சாளரத்தை நேர்வெயிலிலிருந்து முழுவதும் மறைக்க, அதன் மேல்விளிம்பில் சன்ஷேடு எவ்வளவு நீட்டப்பட வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். இக்கணக்கில் நேரம் சூரிய நேரமாகக் கொள்ளப்படுகிறது.

வடக்குச் சாளரம்: ஜூன் 21 நண்பகலில் 0.23 மீட்டர் போதும். அதே நாள் மாலை 4 மணிக்கு 0.65 மீட்டர் தேவை.

தெற்குச் சாளரம்: டிசம்பர் 21 நண்பகலில் 0.88 மீட்டர் தேவை. அதே நாள் மாலை 4 மணிக்கு 0.9 மீட்டர் சன்ஷேடு சாளரத்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதிக்கு நிழல் தரும்.

மேற்குச் சாளரம்: மார்ச் 21 மாலை 4 மணிக்கு 2.1 மீட்டரும், மாலை 5 மணிக்கு 4.6 மீட்டரும் தேவை. கிழக்குச் சாளரத்திற்குக் காலை 8 மணி, 7 மணிகளில் இதே அளவுகள் பொருந்தும்.

வழக்கமான கட்டடங்களில் 0.6 முதல் 0.9 மீட்டர் வரை சன்ஷேடு நீட்டுவது எளிது. சாய்வாக விழும் காலை, மாலை வெயிலுக்குப் பக்கவாட்டுத் தடுப்புகளைச் சேர்க்கலாம். எனவே வடக்கு, தெற்குச் சாளரங்களின் வெயிலை மின்சாரமும் மென்பொருளும் இன்றியே பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஆனால் மேற்கில் 4.6 மீட்டர் சன்ஷேடு நடைமுறைக்கு ஒவ்வாது. ஆழ்ந்த தாழ்வாரம், மரங்கள், செங்குத்துப் பலகைகள், வெளித்திரை ஆகியவை அங்கு உதவும். இவற்றுக்கு இடமில்லாத கட்டடங்களிலும், வெளிக்காட்சியை மறைக்க இயலாத இடங்களிலுமே மாறும் கண்ணாடிக்குத் தேவை எழுகிறது.

4. விதிநூலும் வெப்பக் கணக்கும்

இந்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2007இல் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதிநூலை வெளியிட்டு 2017இல் அதனைத் திருத்தியது. 100 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட இணைப்புச் சுமை உடைய வணிகக் கட்டடங்களை முன்வைத்து 2017 விதிநூல் எழுதப்பட்டது. பரிந்துரை வழியைப் பின்பற்றும் கட்டடத்தில் சாளர–சுவர் விகிதம் 40 விழுக்காட்டைக் கடத்தல் கூடாது. கண்ணாடியின் கட்புல ஒளி ஊடுருவல் 0.27க்குக் குறையக் கூடாது. வெப்ப ஈரத் தட்பவெப்பத்தில் சூரிய வெப்ப ஏற்புக் குணகம் 0.27ஐ மீறக் கூடாது.

இவ்விதியில் நுட்பமான ஒரு பிரிவு உள்ளது. வடதிசைச் சாளரத்திற்கு 15 பாகைக்கு மேற்பட்ட அகலாங்குகளில் 0.50 வரை இசைவு தரும் விதிநூல், 15 பாகைக்குக் கீழ் அச்சலுகையைத் தரவில்லை. தமிழ்நாடு முழுவதும் 15 பாகைக்குத் தெற்கே அமைந்திருப்பதால் இங்கு நான்கு திசைகளுக்கும் ஒரே வரம்பு பொருந்துகிறது. கோடையில் சூரியன் வடக்கே செல்வதை விதிநூல் கணக்கில் கொண்டதன் விளைவே இது. அத்துடன், சன்ஷேடு போன்ற வெளிநிழலமைப்புகளுக்கு ஏற்பக் குணகத்தில் தளர்வு தரும் முறையும் அதில் உண்டு.

மேற்கு நோக்கிய 10 சதுர மீட்டர் கண்ணாடியின்மேல் மாலை வேளையில் சதுர மீட்டருக்கு 600 வாட் சூரிய ஆற்றல் விழுவதாகக் கொள்வோம். மொத்தம் 6,000 வாட். குணகம் 0.82 உடைய சாதாரணத் தெளிந்த கண்ணாடி வழியே 4,920 வாட் உட்புகும். 0.27 குணகமுள்ள பூச்சுக் கண்ணாடி வழியே 1,620 வாட் புகும். கருத்த மின்னிறமாற்றக் கண்ணாடி வழியே 540 வாட் புகும். ஒரு டன் குளிரூட்டும் திறன் 3,517 வாட்டுக்குச் சமம். எனவே இம்மூன்றும் முறையே 1.4 டன், 0.46 டன், 0.15 டன் குளிரூட்டும் சுமையாகும்.

இக்கணக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. சாதாரணக் கண்ணாடியிலிருந்து விதிநூல் கூறும் பூச்சுக் கண்ணாடிக்கு மாறும்போது 3,300 வாட் குறைகிறது. அங்கிருந்து திறன் கண்ணாடிக்கு மாறும்போது மேலும் 1,080 வாட்டே குறைகிறது. விற்பனைக் குறிப்புகள் திறன் கண்ணாடியைச் சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிடும்போது இவ்விரு படிகளும் ஒன்றாகக் கூட்டப்பட்டுவிடுகின்றன. ஒப்பீடு விதிநூல் கண்ணாடியோடு அமைவதே முறை.

அவ்வாறெனின் திறன் கண்ணாடியின் தனிப்பயன் யாது? அது ஒளியில் உள்ளது. பூச்சுக் கண்ணாடி மேகமூட்டமான நாளிலும் தன் மங்கலை நீக்கிக்கொள்ள இயலாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானம் இருண்டிருக்கும்போது, நிலையான கருங்கண்ணாடிக்குப் பின்னால் பகலிலும் விளக்கேற்ற வேண்டியுள்ளது. திறன் கண்ணாடி அப்போது தெளிந்து 60 விழுக்காடு ஒளியைத் தருகிறது. வெயில் வேளையில் கருத்தும் மழை வேளையில் தெளிந்தும் இருப்பதே அதன் பயன். அதனை உரிய நேரத்தில் மாற்றுவது யார், எதைக் கொண்டு என்னும் வினா இங்குத் தோன்றுகிறது.

5. உணரிகளும் செயற்கை நுண்ணறிவும்

கட்டடத்தின் கட்டுப்பாட்டு அமைப்பை மூன்று அடுக்குகளாக விளங்கிக்கொள்ளலாம். முதலடுக்கு உணரிகள்: கூரையில் வானத்தின் ஒளிர்வையும் சூரியக் கதிர்வீச்சையும் அளக்கும் கருவிகள், அறைக்குள் மேசைமட்ட ஒளி, வெப்பநிலை, ஈரப்பதம், ஆளிருப்பு ஆகியவற்றை அறியும் கருவிகள். இரண்டாமடுக்கு இணைப்பு: ஜிக்பீ, லோராவான் முதலிய கம்பியில்லா வழிகளும், பாக்நெட் என்னும் கட்டடத் தானியக்க நெறிமுறையும். மூன்றாமடுக்கு முடிவு: எந்தக் கண்ணாடி எந்த அளவு கருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மென்பொருள்.

எளிய முடிவுமுறை விதிவழிப்பட்டது. ‘மேற்கு முகப்பில் கதிர்வீச்சு இந்த அளவைத் தாண்டினால் கருக்கவும்’ என்பது அதன் வடிவம். இதன் குறையை மேகங்கள் வெளிப்படுத்துகின்றன. ஒரு மேகம் இரண்டு நிமிடத்தில் சூரியனைக் கடந்துவிடும். கண்ணாடி மாறவோ பல நிமிடங்கள் ஆகும். மேகத்தைக் கண்டு தெளியத் தொடங்கிய கண்ணாடி, பாதி தெளிவதற்குள் வெயில் திரும்பிவிடும். அமர்ந்திருப்பவர் கண்ணில் கூச்சம் பாயும். மெதுவாக மாறும் பொருளை விரைவாக மாறும் வானத்திற்கு ஏற்ப இயக்க வேண்டுமாயின் முன்கணிப்பு தேவை. செயற்கை நுண்ணறிவு இங்குதான் உண்மையான பணியைப் பெறுகிறது.

முன்கணிப்புக் கட்டுப்பாட்டில், அடுத்த சில மணி நேரத்தின் வானிலை, கட்டடத்தின் வெப்பத்தேக்கம், அறைகளின் பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டு பல மாற்றுவழிகள் கணக்கிடப்படுகின்றன. ஒளி, வெப்பம், கண்கூச்சம் மூன்றும் ஒருங்கே ஏற்கத்தக்க வழி தெரிவுசெய்யப்படுகிறது. கண்கூச்சத்தை மதிப்பிட வீனோல்டும் கிறிஸ்டோபர்சனும் 2006இல் அளித்த பகலொளிக் கண்கூச்ச நிகழ்தகவு என்னும் அளவை பயன்படுகிறது. அதன் மதிப்பு 0.35க்குக் கீழ் இருந்தால் கூச்சம் உணரப்படுவது அரிது, 0.45ஐக் கடந்தால் பொறுக்க இயலாதது.

இங்கு மூன்று எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, வேறு அகலாங்குகளின் தரவில் பயின்ற மென்பொருள், வடக்கிலிருந்து விழும் ஜூன் மாத வெயிலை அறியாது. உள்ளூர்த் தரவால் அது மீண்டும் பயிற்றப்பட வேண்டும். இரண்டாவது, புழுதி படிந்த உணரி குறைவான வெயிலையே அறிவிக்கும். அதனை நம்பிய மென்பொருள் தவறாகவே முடிவெடுக்கும். உணரிகளைத் துடைப்பதும் அளவுதிருத்தம் செய்வதும் மென்பொருளுக்கு இணையான முதன்மை உடையவை. மூன்றாவது, கண்ணாடி சூரிய வெப்பத்தைத் தடுக்குமே அன்றிக் காற்றின் ஈரத்தைக் குறைக்காது. வெப்ப ஈரப் பகுதிகளில் குளிரூட்டியின் உழைப்பில் ஒரு பங்கு ஈரத்தை நீக்குவதிலேயே செலவாவதால், திறன் கண்ணாடி தரும் சேமிப்பை மொத்த மின்கட்டணத்தின் மேல் அப்படியே ஏற்றிக் கூறுதல் பிழையாகும்.

6. பட்டின் நிறம்

செய்யாறு வட்டாரத்தில் திறன் கண்ணாடியைப் பற்றி எழும் தனித்த வினா நிறத்தைப் பற்றியது. டங்ஸ்டன் ஆக்சைடு கருக்கும்போது நீலமாகிறது. அதனூடே வரும் ஒளியில் செந்நிறப் பகுதி குறைந்துவிடுகிறது. அலுவலகக் கணினியின்முன் அமர்ந்தவருக்கு இது பெரிய இடையூறன்று. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டையோ காஞ்சிபுரப் பட்டையோ விற்கும் கடையிலும், சாயத்தை ஒப்புநோக்கும் கூடத்திலும், சேலையின் உடலும் முந்தியும் ஒத்த நிறமுடையனவா என்று பார்க்கும் இடத்திலும் அது பிழைக்கு வழிவகுக்கும். அரக்குச் சிவப்பு அவ்வொளியில் மங்கித் தோன்றும். சரிகையின் பொன்னிறம் வெளிறும்.

இதற்குத் தீர்வு சாளரத்தைப் பகுத்து இயக்குவதாகும். கண்ணாடிப் பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் தெளிவாக விட்டு, எஞ்சிய ஒன்பது பங்கை முழுதும் கருக்கினால், பரப்பின்மேல் சீரான ஒளி விழும் நிலையில், தெளிந்த பகுதி வழியே 6 பங்கு ஒளியும், கருத்த பகுதி வழியே 0.9 பங்கு ஒளியும் வருகின்றன. அதாவது அறைக்குள் வரும் ஒளியில் ஏறத்தாழ 87 விழுக்காடு இயல்பான நிறமுடையது. அத்தெளிந்த பகுதி, நேர்வெயில் பணியாளரின் கண்ணில் படாத மேற்பகுதியாக, சன்ஷேட்டின் நிழலில் அமைய வேண்டும். கூரையில் ஒரு கண்ணாடி ஓட்டைப் பதித்து எஞ்சிய பரப்பை மூடிய மரபு வீட்டின் நெறியும் இத்தகையதே. எனவே பட்டுக்கடையின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு வெப்பத்தையும் கண்கூச்சத்தையும் போலவே நிறத்தூய்மையும் ஒரு நிபந்தனையாகத் தரப்பட வேண்டும். தரப்படாத நிபந்தனையை மென்பொருள் தானே அறிந்துகொள்ளாது.

7. ஆயுளும் சார்புநிலையும்

மின்னிறமாற்றக் கண்ணாடியின் நீடிப்பு, உயர்வெப்பத்திலும் செயற்கை வெயிலிலும் 50,000 முறை நிறம் மாற்றிச் சோதிக்கப்படுவது வழக்கம். நாளொன்றுக்கு ஐந்து சுழற்சிகள் எனின் 50,000 சுழற்சிகள் 10,000 நாள்கள், அதாவது 27 ஆண்டுகள். நாளொன்றுக்குப் பத்துச் சுழற்சிகள் எனின் 14 ஆண்டுகளுக்கும் குறைவு. ஒவ்வொரு மேகத்திற்கும் கண்ணாடியை மாற்றும் ‘சுறுசுறுப்பான’ மென்பொருள், மின்சாரத்தைச் சிறிது மிச்சப்படுத்திக் கண்ணாடியின் ஆயுளை மிகுதியாகச் செலவிடுகிறது. சுழற்சிகளின் எண்ணிக்கையையும் ஒரு செலவாகக் கருதும்படி கட்டுப்பாட்டு முறை வடிவமைக்கப்பட வேண்டும்.

மற்றொரு சிக்கல் நிறுவனச் சார்பு. திறன் கண்ணாடி உற்பத்தியில் பெரும்பெயர் பெற்ற அமெரிக்காவின் வியூ நிறுவனம் 2024 ஏப்ரலில் திவால் பாதுகாப்பு கோரி, அவ்வழியே தன் கடன் அமைப்பைச் சீரமைத்துக்கொண்டது. கட்டடத்தின் ஆயுள் அரை நூற்றாண்டு. மென்பொருள் நிறுவனத்தின் ஆயுளை எவரும் உறுதிகூற இயலாது. தொலைவிலுள்ள வழங்கியின் கட்டளை இல்லாமல் கண்ணாடி இயங்காதெனில், இணையம் அறுந்த நாளில் சாளரமும் செயலற்றுவிடும். உள்ளூர்க் கட்டுப்பாட்டுக் கருவி, திறந்த நெறிமுறை, உதிரிப் பொருள் உறுதி ஆகிய மூன்றும் கொள்முதல் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டியவை.

8. சாளரத்தருகே அமர்ந்திருப்பவர்

ஆளிருப்பை அறியும் உணரி, யார் எப்போது எழுந்து சென்றார் என்பதையும் அறியக்கூடும். கண்ணாடியைக் கட்டுப்படுத்தத் திரட்டிய தரவு பணியாளரைக் கண்காணிக்கும் தரவாக மாறுவது எளிது. நூற்றுக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்றும் தொழிற்பூங்காக்களில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது. 2023இல் இந்தியா இயற்றிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தரவு எந்நோக்கத்திற்குத் திரட்டப்படுகிறதோ அந்நோக்கத்தை ஒட்டியே கையாளப்பட வேண்டும் என்னும் நெறியை முன்வைக்கிறது. கண்ணாடியைக் கருக்க அறையில் ஆள் உண்டா என்னும் செய்தி போதும். அவர் யார் என்னும் செய்தி தேவையில்லை. படக்கருவிக்கு மாற்றாக எளிய அகச்சிவப்பு உணரியைத் தெரிவுசெய்தால், தேவையற்ற தரவு தோன்றாமலே போகும்.

கட்டுப்பாட்டை மீறும் உரிமையும் இதனோடு சேர்ந்தது. மென்பொருள் கருக்கிய கண்ணாடியைத் தெளிவாக்க விரும்பும் பணியாளருக்குச் சுவரில் ஒரு பொத்தான் இருத்தல் வேண்டும். அவ்வாறு அழுத்தப்படும் ஒவ்வொரு முறையும் மென்பொருளுக்குப் பாடமாக அமையும். பொத்தான் இல்லாத கட்டடத்தில் பணியாளரின் அசௌகரியம் எந்தத் தரவிலும் பதிவாவதில்லை. அமைப்பு செம்மையாக இயங்குவதாகவே அறிக்கை காட்டும்.

முடிவுரை

ஐதராபாத்தில் அமைந்த சிஐஐ–சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், அமெரிக்காவுக்கு வெளியே லீட் பிளாட்டினம் தரச்சான்று பெற்ற முதற்கட்டடமாகும். 2004இல் அன்றைய குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அதனைத் திறந்துவைத்தார். நடுமுற்றம், சல்லடைச் சுவர், காற்றுக் கோபுரம் ஆகிய மரபுக் கூறுகள் அதன் வெற்றிக்கு அடிப்படையாய் அமைந்தன. திறன் கண்ணாடியைப் பற்றிய உரையாடலிலும் இவ்வரிசைமுறை கருதத்தக்கது. முதலில் திசையமைப்பு, அடுத்து நிழலமைப்பு, அதன்பின் விதிநூல் கூறும் பூச்சுக் கண்ணாடி, இறுதியில் எஞ்சும் கிழக்கு, மேற்குப் பரப்புகளுக்குத் திறன் கண்ணாடி என்பதே செய்யாற்றின் அகலாங்கு காட்டும் வழி.

அவ்விறுதிப் படியில் செயற்கை நுண்ணறிவுக்கு உரிய இடம் உண்டு. மெதுவாக மாறும் கண்ணாடியை விரைவாக மாறும் வானத்தோடு இணைக்க முன்கணிப்பு இன்றியமையாதது. ஆயினும் எதனைக் காக்க வேண்டும் என்பதை அது முடிவுசெய்வதில்லை. பட்டின் நிறம், கண்ணாடியின் ஆயுள், பணியாளரின் கண்ணும் தனியுரிமையும் ஆகியவற்றை நிபந்தனைகளாக வகுத்துத் தருவது கட்டடக் கலைஞரும் பொறியாளரும் பயன்படுத்துவோரும் சேர்ந்து ஆற்ற வேண்டிய பணி. தமிழக ஊர்களின் அகலாங்கு, மேகமூட்டம், தொழில்வகை ஆகியவற்றை ஒட்டிய அளவீடுகளைத் திரட்டுதல் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். செய்யாறு போன்ற நகரங்களின் கல்லூரிகள், மேற்குச் சாளரம் ஒன்றில் ஓராண்டு ஒளியையும் வெப்பத்தையும் பதிவுசெய்வதிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.